புகைப்பெட்டியில் தண்ணீர் எதற்கு?

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்கால் மணி. போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே, மலைச்சரிவில் ஒரு வீட்டின் பின்பக்கம். என் ஆசைப் புகைப்பெட்டிக்குள் இரண்டு செம்மறித் தொடைகள் நிம்மதியாக வெந்துகொண்டிருக்க வேண்டிய நேரம். கதவைத் திறக்கிறேன்... உள்ளேயிருந்து தீ பாய்ந்து வருகிறது. என் முன்கை முடி மொத்தமும் போச்சு!

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

நான்கு மாதத்துக்கு முன் கேஸ் ஸ்மோக்கர் ஒன்று வாங்கினேன். சின்ன பீரோ மாதிரி இருக்கும். அடியில் பர்னர், அதற்கு மேல் மரத்துண்டு போடும் தட்டு, அதற்கும் மேல் ஒரு தண்ணீர்த் தட்டு, அப்புறம் கறி வைக்கும் கம்பி வலைகள். மரத்துண்டு கனிந்து புகையும். அந்தப் புகையில், குறைந்த சூட்டில், ஐந்தாறு மணி நேரம் கறி வேகும். வாங்கிய நாளிலிருந்து நான் நானாக இல்லை. போடியில் எங்கள் தெருவில் யார் எதிரே வந்தாலும் நிறுத்தி, கொய்யா மரப் புகைக்கும் மாமரப் புகைக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்குகிறேன். சிலமலையிலிருந்து வரும் பால்காரர் இப்போதெல்லாம் பாலை வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுகிறார்.

பராமரிப்பிலும் நான் புலி. சுவாலை நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிகிறதா? பர்னர் குழாய்க்குள் சிலந்தி குடித்தனம் நடத்துகிறதா என்று மெல்லிய பிரஷ் விட்டுப் பார்த்துவிடுவேன். சிலிண்டர் மாற்றினால் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று கண்ணை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். கொழுப்பு வடியும் கிண்ணத்தை ஒவ்வொரு முறையும் தேய்த்துக் கழுவிக் காயவைப்பேன். "வீட்டுல ஒரு டம்ளரக் கழுவிப் பாத்ததில்லையே" என்கிறாள் என் மனைவி. அது வேறு டிபார்ட்மெண்ட்!

இந்தச் சமயத்தில்தான் அவள் தம்பி பரமன் போன் செய்தான். பன்னிரண்டு வருஷம் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் பார்த்தவன். ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்த ஏலக்காயை உலர்த்துகிற சூட்டறை. அந்த வேலையை விட்டுவிட்டு, மலையில் ஒரு வீட்டைக் குத்தகைக்குப் பிடித்து ஹோம்ஸ்டே ஆரம்பித்திருந்தான். இரண்டு மாதமாக ஈ காக்கை இல்லை.

"மாமா, மதுரைல இருந்து பைக்குல பன்னெண்டு பேரு வர்றாங்க. ஞாயித்துக்கெழம மத்தியானச் சாப்பாடு நம்மகிட்டத்தேன். புடிச்சுப்போச்சுன்னா மாசாமாசம் இங்கயே வந்து தங்குவாங்களாம். வெரசா உங்க பொட்டியக் கொண்டாங்க. இது சொதப்புச்சுன்னா நான் திரும்ப ஸ்டோருக்குத்தேன் போகணும்."

எனக்கு இதைவிட என்ன வேண்டும்? சனிக்கிழமையே பெட்டியை ஜீப்பில் ஏற்றி, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அதைக் கட்டிப்பிடித்தபடி மேலே போய்ச் சேர்ந்தேன்.

மலைக்காற்று சுவாலையை அணைத்துவிடும். அதனால் சுவர் மறைவாகப் பார்த்து நிறுத்தினோம். காலை ஏழு மணிக்குப் பற்றவைத்தேன். கதவிலிருக்கும் வெப்பமானியின் முள் நூற்றிப் பத்து டிகிரியைத் தொட்டதும் கறி உள்ளே போனது. நூற்றிப் பத்துக்கும் நூற்றி இருபதுக்கும் நடுவில் முள் நின்றுவிட்டால் போதும், கறி பஞ்சுதான். பரமனைக் காவலுக்கு வைத்துவிட்டு டீக்கடைக்கு நடந்தேன். அங்கேயும் நாலு பேருக்கு ஸ்மோக்கரைப் பற்றி வகுப்பு எடுத்ததில் கொஞ்சம் நேரமாகிவிட்டது. திரும்பி வந்தால்... முள் நூற்றி எண்பதில் நிற்கிறது!

பதறிப்போய்க் கதவைத் திறந்தேன். திறக்கவே கூடாது. காற்று உள்ளே புகுந்தது, தீ வெளியே வந்தது. நான் உறைந்து நிற்க, பரமன்தான் கதவைக் காலால் உதைத்து மூடி, சிலிண்டரை நிறுத்தி, பெட்டியின் உச்சியில் புகை போகும் துளைகளையும் அடைத்தான். காற்றில்லாமல் தீ தானாக அடங்கியது.

"என்னடா பண்ணித் தொலச்ச?"

"நான் ஒண்ணுமே பண்ணல மாமா. உள்ள ஒரு தட்டு நெறயா தண்ணி கெடந்துச்சு. கழுவிட்டுக் கொட்ட மறந்துட்டீங்கன்னு தட்டோட வெளிய எடுத்துட்டேன். மேல தொளையெல்லாம் தொறந்துவிட்டேன். ஈரம் வெளிய போகணும்ல?"

ஈரம் வெளியே போகணுமாம்! ஏலக்காய்க்கு ஈரம்தான் எமன். முதல் சில மணி நேரத்தில் அந்த ஈரக் காற்றை வெளியேற்றாவிட்டால் காயின் பச்சை போய்விடும். பன்னிரண்டு வருஷமாக அவன் கை பழகியது அது. ஆனால் என் பெட்டியில் தண்ணீர்த் தட்டுக்கு இரண்டு வேலை. சூடு சட்டென்று ஏறாமல் பிடித்துவைக்கும். வடிகிற கொழுப்பைத் தாங்கிக்கொள்ளும். தட்டு இல்லாததால் செம்மறிக் கொழுப்பு நேராகக் கங்கு மேல் விழுந்துவிட்டது. சூட்டறைக்குள்ளேயே வாழ்ந்த ஒருவனைத் தவிர வேறு யாருக்கு இந்தத் தப்பு தோன்றும்?

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, கறியை எடுத்துப் பார்த்தேன். ஒரு தொடை ஒரு பக்கம் கன்னங்கரேல் என்றிருந்தது. பன்னிரண்டு பேர் அந்நேரம் மதுரையை விட்டுக் கிளம்பியிருப்பார்கள்.

கதவைத் திறந்துவைத்து உள்ளே தேங்கியிருக்கும் கேஸ் போகும்வரை காத்திருந்தோம். தட்டில் வெந்நீர் ஊற்றி மறுபடி பற்றவைத்தோம். இந்த முறை கேஸைக் கூட்டிக் குறைக்கும் திருகு என் கையில். முள் நூற்றி முப்பது... குறைத்தேன். தொண்ணூறு... ஐயோ, கூட்டினேன். நூற்றி நாற்பது! குறைத்தேன். வியர்த்துக் கொட்டியது.

"மாமா, கைய எடுங்க" என்றான் பரமன்.

"டேய், நாலு மாசமா இதுல சமைக்கிறேன்..."

"எடுங்கங்குறேன்ல. சூடு சொன்ன ஒடனே கேக்காது மாமா. ஒரு நூலு திருப்பணும், பத்து நிமிஷம் சும்மா கெடக்கணும்."

ஒரு நூல்தான் திருப்பினான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். முள் மெல்ல ஏறியது... நூற்றிப் பதினைந்தில் நின்றது. நின்றதே நின்றது! அதற்குப் பிறகு நான்கு மணி நேரத்தில் அவன் அந்தத் திருகைத் தொட்டது மூன்றே முறை. நான் ஒரு நிமிஷத்துக்குள் அத்தனை முறை தொட்டிருப்பேன்.

நான்கு மாதமாக இந்தப் பெட்டிக்குச் சூடு நிற்பதில்லை என்று நான் சொல்லாத ஆள் இல்லை. பெட்டியில் குறையே இல்லை சார்! மெசேஜ் அனுப்பிவிட்டு மறுநொடியே போன் போட்டு "பாத்தியா?" என்று கேட்கிற ஆசாமி நான். லிஃப்ட் பட்டனை ஐந்து தடவை அமுக்குகிறவன். என்னிடம் மாட்டினால் எந்த முள்தான் ஒரு இடத்தில் நிற்கும்?

ஒன்றரை மணிக்குப் பைக்குகள் வந்தன. கூட்டத்துக்குத் தலைவி ஒரு பல் டாக்டரம்மா. பரமன் கருகிய பக்கத்தை அடியில் மறைத்து வைத்துப் பரிமாறினான். அவர் ஒரு துண்டைப் பிய்த்தார். எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று வந்தது. மென்றார். புரட்டிப் பார்த்தார்.

"அடியில கருகலா இருக்கே, இதுதாங்க சூப்பர். இன்னும் இருக்கா?"

இருந்ததே! அரை மணியில் எலும்பு மட்டும்தான் மிச்சம். கிளம்பும்போது அடுத்த மாதத்துக்கும் அறையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பைக் சத்தம் வளைவில் மறைந்ததும் பரமன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். என் எடைக்கு அது சாதாரண விஷயமில்லை.

"அடுத்த மாசமும் பொட்டியக் கொண்டாந்துருங்க மாமா."

"நானும் வரணும்ல?"

"வராம? கட்டாயம் வாங்க. கைய மட்டும் வீட்டுல வச்சுட்டு வாங்க."