ஆட்டுக்குட்டியின் கழுத்து மணி

மஸ்கட்டில் என் கணவருக்குச் சில மாதங்களாகச் சம்பளம் வரவில்லை. எங்கள் ஊர் இரணியலில் யாருக்கும் அது தெரியக்கூடாது என்று வீம்பாக இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை கொடுக்காவிட்டால் சொந்தக்காரர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். தக்கலைக் கடைகளில் ஏறி இறங்கியும் என் கைக்காசுக்கு ஒன்றும் படியவில்லை. கடைசியில், முந்தின வருடம் எங்களுக்கு வந்த அட்டைகளின் படங்களை மட்டும் வெட்டி, புது சார்ட் தாளில் ஒட்டினேன்.

கணவரின் அக்காவை மைனி என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டு முன்னறையில் உறவுக்காரப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். நான் நீட்டிய அட்டையை அவருடைய சின்ன மகள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இந்த ஆட்டுக்குட்டிக்க கழுத்துல உள்ள மணி நான் வரஞ்சதுல்லா? போன வருசம் நாம மாமிக்குக் கொடுத்த கார்டுல்லா இது!"

அந்தச் சிவப்பு மணியை அச்சடித்தது என்றே நினைத்திருந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மைனியின் விரல், படம் ஒட்டியிருந்த விளிம்பைத் தடவி நின்றது. பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"சும்மா கெட மக்கா. ஆடுன்னா மணி இருக்காதா?" என்று அதட்டிவிட்டு, சுவரில் வாழ்த்து அட்டைகள் தொங்கிய நூலின் நடுவில் அதையும் தொங்கவிட்டார்.

அதற்குப் பிறகும் அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு மைனியின் அட்டை வந்தது. உள்ளே வாழ்த்தையும் பெயரையும் பென்சிலால், அழுத்தாமல் எழுதியிருந்தார். வேண்டுமென்றால் நான் அழித்துவிட்டு, அதையே வேறு யாருக்காவது கொடுத்துக்கொள்ளலாம்.

இன்றுவரை அழிக்கவில்லை.