கங்கப்பன் தம்பியாக உட்கார்ந்த சனிக்கிழமை

கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் கங்கப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. நல்ல மனிதர்தான், ஆனால் மெதுவாகப் பேசத் தெரியாது. பசுமைக்குடிலின் இந்தக் கோடியிலிருந்து அவர் கூப்பிட்டால், ரோட்டில் வண்டியில் போகிறவரும் திரும்பிப் பார்ப்பார்.

தம்பி மாதேஸ்வரன் மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன். நான்கு வருஷத்துக்கு முன்னால், யாரோ தன்னைத் திட்டுவது காதில் கேட்கிறதென்று மிஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். மனச்சிதைவு என்றார் டாக்டர். மாத்திரையில் பாதி குணம் தெரிந்தது. ஆனாலும் காலை பத்து மணி வரை தூங்குவான். பேச்சுக் கொடுத்தால் பதில் வராது.

"தின்னுட்டுத் தூங்கிட்டே கெடந்தா எப்படிடா? எழுந்திர்றா!" என்று கங்கப்பன் தினமும் வாசலிலிருந்தே அதட்டுவார். அவர் அதட்ட அதட்ட, அவன் போர்வைக்குள் சுருண்டுகொள்வான்.

மனநோய் உள்ளவர்களின் குடும்பத்தாருக்கு ஓசூரில் மாதம் ஒரு சனிக்கிழமை வகுப்பு நடக்கிறதென்று கேள்விப்பட்டு, கணவனைக் கிளப்பி அனுப்பியவள் காவேரி. "நோவு அவனுக்கு, பாடம் எனக்கா?" என்று கேட்டுக்கொண்டே போனார். போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு கட்டு ரோஜாவும் கொண்டுபோனார்.

வகுப்பு நடத்துகிற பொற்கொடி மதுரைப் பக்கத்துப் பெண். கங்கப்பனை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, அந்த ரோஜாக்கட்டையே பிரித்து மேஜையில் பரப்பினார்.

"ஐயா, இந்தப் பூவை எண்ணிச் சொல்லுங்க. அம்புட்டுதான்."

"இதென்னாம்மா, நான் தூக்கத்துலயே எண்ணுவனே!"

எண்ணத் தொடங்கியதும், மகளுக்காக வகுப்புக்கு வருகிற வெங்கடம்மா இடது காதோரம் குனிந்து தெலுங்கில் கிசுகிசுத்தார்: தப்பாக எண்ணுகிறாய், எல்லோரும் சிரிக்கிறார்கள். வலது காதில், அதே வகுப்புக்கு வருகிற ராஜேஷ்குமார் என்கிற கம்பெனி ஊழியர் கன்னடத்தில் சொன்னார்: எண்ணாதே, எழுந்து ஓடு. எதிரே நின்று பொற்கொடி அதட்டினார்: "என்ன முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? ஒரு வேலையாவது உருப்படியாத் தெரியுமா?"

ஏழு, எட்டு... மறுபடி ஏழு. எல்லோரும் சிரித்தார்கள், கங்கப்பனும் சிரித்தார். மூன்றாவது தடவை பதினொன்றில் தடுமாறியபோது சிரிப்பு போய்விட்டது. நெற்றி வியர்த்தது. "போதும்மா, விட்டுடு" என்றார். குரலே எழும்பவில்லை.

"உங்களுக்கு அஞ்சு நிமிஷம்யா. அவருக்கு நாள் பூரா," என்றார் பொற்கொடி. "மாத்திரை வேற காலையில தூக்கமாப் போட்டு அமுக்கும். அது சோம்பேறித்தனம் இல்ல."

வீட்டுக்கு வந்ததும் கங்கப்பன் தம்பியின் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

"மாதேசு, இன்னிக்கு என் காதுல ரெண்டு பேரைப் பேச விட்டாங்கடா. இருபது பூவை எண்ண முடியல. உனக்கும் இப்படித்தானா?"

மாதேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தான். நான்கு வருஷத்தில் வீட்டில் யாரும் இதைக் கேட்டதில்லை.

"எனக்கு மூணு பேருண்ணா. அதுல ஒருத்தன் உன் குரல்லயே திட்டுவான். நீ வாசல்ல நின்னு கத்தறப்போ, நீயா அவனான்னு தெரியாது. அதான் பேசாம படுத்துக்குவேன்."

கங்கப்பன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அப்போ எப்படிக் கூப்பிட்டா நான்னு தெரியும்?"

"எதிர்ல வா. தோளைத் தொடு. ஒரு நேரத்துல ஒரு விஷயம் மட்டும் சொல்லு."

அப்படியே செய்தார். தோட்டத்து ஆட்களிடமும் கத்துவதை நிறுத்தினார். முதல் வாரம் தோட்டமே குழம்பிப்போனது. "மொதலாளிக்கு சுகர் கிகர் ஏறிடுச்சா?" என்று பூ வெட்டுகிற சரோஜம்மாள் காவேரியிடம் ரகசியமாக விசாரித்தாள். காலை வெட்டுக்குத் தம்பியை எழுப்புவதை விட்டுவிட்டு, பதினோரு மணிக்குப் பூத் தரம் பிரிக்கிற வேலையைக் கொடுத்தார். லேத்தில் பழகிய கண். காம்பு நீளத்தில் ஒரு விரற்கடை பிசகினாலும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

ஆடி மாதத்தில் மூன்று நாள் அவன் சரியாகத் தூங்கவில்லை. நோய் திரும்புவதற்கு அது ஓர் அறிகுறி என்று வகுப்பில் சொல்லியிருந்ததால், கங்கப்பன் தாமதிக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போனார். மருந்தின் அளவை மாற்றினார்கள். பத்து நாளில் தெளிந்துவிட்டான்.

போன வாரம் அண்டைத் தோட்டத்து நாராயணப்பன் வந்தார். "உங்க தம்பியைத் தினம் ரெண்டு மணி நேரம் எங்க பூவுக்கும் அனுப்புங்களேன்."

"அவனையே கேளுங்க" என்றார் கங்கப்பன்.

மாதேஸ்வரன் சற்று யோசித்தான். "மத்தியானம் சாப்பிட்டுட்டு வர்றேன். ஆனா உங்க பூவுல பாதி ரெண்டாந்தரம்ங்க. இப்பவே சொல்லிட்டேன்."

நாராயணப்பன் முகம் போன போக்கைப் பார்த்து, காவேரி சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடினாள்.