என் மருமகள் பவளராணியும் அவர் வாங்கிய சின்னக் கீபோட்டும்

செய்தி வந்தபோது நான் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது. கைபேசியில் யார் அழைக்கிறார்கள் என்று வாசித்து அறிய முடியாது. அதனால் என் மருமகள் பவளராணி ஆளுக்கொரு சத்தம் வைத்துத் தந்திருந்தார். பிரான்சிலிருக்கும் பேரனுக்கு நாதஸ்வரம். தனக்குச் சேவல். "சேவல் கூவினா நான்தான் மாமா. உடன எடுங்கோ" என்று சொல்லியிருந்தார்.

நெஞ்சு நோவு கண்ட அவரைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் விட்டுவந்த மறுநாள் காலை, சேவல் கூவியது. "சுகமோ பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே எடுத்தேன். மறுபக்கம் கேட்டது துணைக்கு நின்ற பக்கத்து வீட்டு வசந்தி ரீச்சரின் குரல். "ஐயா, முதல்ல ஒரு கதிரையில இருங்கோ" என்றார். இருக்கச் சொன்னால் என்ன செய்தி வரப்போகிறது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் இருக்கவில்லை. நின்றபடியே கேட்டேன்.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல ரீச்சர் எழுதுகிறார். பவளராணியின் தையலைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். இந்த ஊரில் அவர் தைத்த சட்டை போடாத பெண்பிள்ளை இல்லை. நான் சொல்லப்போவது அவர் கீபோட் வாங்கிய கதை. கொம்பியூட்டரில் விரல் வைத்துத் தட்டுகிற அந்தப் பலகைதான். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். அந்தப் பெண்ணின் பெருமையை நான் முழுதாகக் கண்டது அதிலேதான்.

பவளராணி கனகராயன்குளத்துப் பிள்ளை. என் மகனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். சண்டையின் கடைசி மாதங்களில் என் மகனின் உயிர் போய்விட்டது. குழந்தை கஜனை இடுப்பில் வைத்துக்கொண்டு வெட்டைவெளியால் பவளராணி ஓடியதை என் கண்ணால் கண்டேன். அப்போது விழுந்து வெடித்த செல்லின் துண்டொன்று இடது கையில் பட்டது. கை தப்பியது, சின்னவிரல் மட்டும் அதற்குப் பிறகு மடங்கவில்லை. அந்த விரலால் துணியை நேராக அமத்திக்கொண்டுதான் பிறகு தைத்தார். "கடவுள் தந்த அடிமட்டம் மாமா, கோடு கோணாது" என்பார்.

கஜன் வளர்ந்து பிரான்சுக்குப் போனான். அங்கே உணவகமொன்றில் சமையல் வேலை. தொலைபேசியில் தாயும் மகனும் கதைப்பதைக் கேட்டால் எனக்கே அலுப்பு வரும்.

"சாப்பிட்டியோ?"

"ஓம்."

"குளிரோ?"

"ஓம் அம்மா."

அதோடு கதை முடிந்துவிடும். அவனில் பிழையில்லை, நாள் முழுக்க நெருப்போடு நின்றவனுக்கு என்ன கதை வரும்? ஆனால் மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் கிடைக்கும் ஓய்வில் அவன் சிநேகிதர்களோடு கொம்பியூட்டரில் விளையாடுவான். ஒருநாள் பகிடியாக, "நீங்களும் வாங்கோவன் அம்மா" என்றான். பவளராணி பகிடியாக எடுக்கவில்லை. அவன் அனுப்பிய பழைய கொம்பியூட்டர் தையல் மேசையில் வந்து குந்தியது.

அங்கே அவனுக்கு மதியம் சாய்ந்த நேரம், இங்கே எங்களுக்கு விளக்கு வைத்த நேரம். நான் பக்கத்தில் இருந்து பார்ப்பேன். நாலு பேர் ஒரு தீவில் குதிப்பார்கள். சுடுவதற்குத் துவக்குத் தேடி எடுப்பார்கள். அவர்களைச் சுற்றி ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வட்டத்துக்கு வெளியே நின்றால் சாவு. முதல்நாள் அதைக் கண்டபோது கேட்டேன்:

"இதையோ பிள்ளை விளையாட்டு எண்டு விளையாடுறாய்?"

"இதில செத்தா அடுத்த ஆட்டத்தில எழும்பலாம் மாமா" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விளையாட்டுக்குள் வந்துவிட்டால் கஜன் வேறு ஆள். சிரிப்பான், முதலாளியைத் திட்டுவான், வெங்காயம் வெட்டிக் கண் எரிந்ததைச் சொல்லுவான். ஆனால் அவர்களிடம் ஒரு சட்டம் இருந்தது. செத்தவர் வாய் திறக்கக்கூடாது. கதைத்தால் உயிரோடு நிற்பவர்களுக்கு எதிரியின் காலடி கேட்காதாம். பவளராணி எப்போதும் முதலில் சாவார். மிச்ச நேரம் முழுக்க மகனின் குரலைக் கேட்டுக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு இருப்பார். உயிரோடு நிற்கும் வரைக்கும்தான் மகனோடு கதை.

ஏன் சாகிறார் என்று அவரே ஆராய்ந்து கண்டுபிடித்தார். பழைய கீபோட் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் மேசையை அடைத்துக்கொண்டு கிடந்தது. வலது கையால் மவுசை அசைக்க இடமில்லை. எழுத்துக் கட்டைகளோ சேற்றில் கால் வைத்ததுபோல் அமிழ்ந்தன. மூன்றை ஒரேயடியாக அமத்தினால் ஒன்று வேலை செய்யாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடுவதற்கான கட்டை இடது ஓரத்தில், சின்னவிரலுக்கு உரிய இடத்தில் இருந்தது. மடங்காத விரல். அவர் ஓட நினைக்கும்போது திரையில் அந்த உருவம் நடந்தது.

"ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனி ஸ்பிரிங் வைச்ச கீபோட் இருக்காம். மெக்கானிக்கல் எண்டு சொல்லினம். அதிலயும் சின்னன் வேணும் மாமா. வவுனியாவுக்குப் போவம்" என்றார்.

போகுமுன் அவர் செய்ததைப் பாருங்கள். சட்டைக்கு அளவு வெட்டும் மண்ணிறக் கடதாசியில் தன் இடது கையை விரித்து வைத்து, ஒவ்வொரு விரலும் எட்டும் தூரத்தை நாடாவால் அளந்து கோடு போட்டு வெட்டி எடுத்தார். கீபோட் வாங்க அளவுக் கடதாசி கொண்டுபோன ஆள் இந்த உலகத்தில் வேறு இருக்குமோ தெரியாது.

நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் கடைக்காரர் நல்ல மனிதர். நாலைந்தை எடுத்து வைத்தார். ஒன்று திருவிழாப் பந்தல் மாதிரி நிறம்நிறமாய் மின்னியது. "இதுதான் தங்கச்சி இப்ப பிள்ளையள் கேக்கிறது" என்றார். பவளராணி வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. கடதாசியை மேலே விரித்தார். நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

பிறகு சத்தம். "மாமா, கண்ணை மூடிக் கேளுங்கோ. வீட்டில நீங்களும் இருக்கிறீங்கள்" என்றார். முதலாவது, அமத்தும் தோறும் கிளிக் கிளிக் என்றது. துவக்கு இழுத்து விடுகிற சத்தம் என் காதில் எங்கேயோ கிடக்கிறது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "இது வேண்டாம் நானா" என்று அவரே தள்ளி வைத்தார். இன்னொன்று புளியங்கொட்டையைப் பலகையில் போடுவதுபோல் மெத்தென்று விழுந்தது. "இது காணும், இதுவே போதும்" என்றேன். அந்தச் சத்தம் உள்ளதில் கடதாசிக்குப் பொருந்திய ஒன்றை வாங்கி வந்தோம்.

வீட்டில் வைத்தால் ஓடும் கட்டை இன்னும் எட்டவில்லை. அளவெடுத்தவரின் அளவு பிழைக்குமோ என்று எனக்கு வியப்பு. பவளராணி கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ மாமா! தையலுக்கு விடுற அரை அங்குலத்தையும் சேத்தெல்லோ வெட்டியிருக்கிறன்! கைக்கு ஆர் மடிப்புத் தைக்கிறது?"

பழகிய கை தன் பாட்டில் சுற்றிவர அரை அங்குலம் விட்டு வெட்டியிருக்கிறது. இரண்டாம் முறை கதிரையில் இருந்து, முழங்கையை மேசையில் ஊன்றி, விளையாடும்போது கை எப்படிக் குவிந்திருக்குமோ அப்படி வைத்து அளந்தார். மறுபடியும் வவுனியா பஸ். நானா முகம் சுளிக்காமல் மாற்றித் தரச் சம்மதித்து, அதே சத்தம் உள்ளதில் கட்டைகள் நெருங்கிய, இருந்ததிலேயே சின்னனை எடுத்தார்.

"இதில அம்புக்குறிக் கட்டையும் இல்லை, பக்கத்தில இலக்கக் கட்டையும் இல்லை தங்கச்சி. கணக்குவழக்குப் பாக்கக் கஷ்டம்."

"நான் கணக்குப் பாக்கிறது நாடாவில நானா" என்றார் பவளராணி.

நானா சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது. மடங்காத விரலைக் கண்டுவிட்டு அவரே, ஓடும் கட்டைக்குக் கீழிருந்த ஸ்பிரிங்கை மட்டும் கழற்றி, இளகின ஸ்பிரிங் ஒன்றைப் போட்டுவிட்டார். விரலின் பாரமே போதும், அமத்தத் தேவையில்லை. மணிக்கட்டு வைக்கச் சட்டைத் துண்டுகளில் ஒரு சின்னத் தலையணையைப் பவளராணியே தைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் கண்டதை எப்படிச் சொல்வேன்! அந்த விரல்கள் பார்க்கவில்லை, தேடவில்லை. எழுத்துத் தெரியாத எனக்கு அந்தப் பலகை ஒரு புதிர். அவருக்கோ அது கையின் மிச்சம். மெஷினில் ஓடிய வேகம் அத்தனையும் அந்தக் குட்டிப் பலகைக்குள் வந்து இறங்கியிருந்தது. கஜனின் சிநேகிதர்கள் "அன்ரி, நீங்கள் முன்னுக்குப் போங்கோ" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

ஒருநாள் கஜன் வெட்டைவெளியில் சுடுபட்டு விழுந்தான். ஆள் வந்து தூக்கினால் எழும்பலாம், இல்லாவிட்டால் முடிந்தது. வட்டம் கிட்ட வந்துகொண்டிருந்தது.

"அம்மா, வராதேங்கோ! சுடுவாங்கள்!"

"வாயைப் பொத்தடா. வாறன்."

ஓடினார். வளைந்து, குனிந்து, நின்று, மறுபடி ஓடினார். அந்த மடங்காத விரல் கட்டையில் கிடந்தது கிடந்தபடி. நான் என்னை மறந்து எழும்பி நின்று, "ஓடு பிள்ளை, ஓடு!" என்று கத்தினேன். மகனைத் தூக்கி நிறுத்திவிட்டார்.

"எப்பிடி அம்மா வந்தனீங்கள்?" என்றான் கஜன்.

"முந்தியும் உன்னோட ஓடினனான்தானே. அப்ப நீ இடுப்பில. கீபோட்டும் இல்லை."

கஜன் மெல்லக் கேட்டான்: "அம்மா, அப்ப கை நல்லா நொந்ததோ?"

இத்தனை வருடத்தில் அவன் அதைக் கேட்டதில்லை. அவர் சொன்னதுமில்லை. அன்று சொன்னார். திரையில் இரண்டு உருவங்களும் ஒரு சுவருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றன. வட்டம் வந்து மூடும்வரை கதைத்தார்கள். மூடிய பிறகும் கதைத்தார்கள். அன்றைக்குச் சட்டத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

கஜனுக்கு இன்னும் விசா சரிவரவில்லை. தாயின் சிதைக்கு வர முடியவில்லை. எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, படத்துக்கு முன்னால் அவருக்குப் பிடித்த சாப்பாடெல்லாம் படைத்தோம். நான் அந்தக் கீபோட்டையும் தலையணையோடு கொண்டுபோய் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

விளக்கு வைத்த நேரம் நாதஸ்வரம் கேட்டது. கஜன்.

"அப்பப்பா, விளையாடேக்க அம்மா கதைக்காட்டியும் அவவின்ர கட்டைச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். ஒருக்காத் தட்டுங்கோவன்."

கைபேசியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, என் தடித்த விரல்களால் தட்டினேன். எந்தக் கட்டையில் என்ன எழுத்து என்று எனக்குத் தெரியாது. புளியங்கொட்டைகள் பலகையில் விழுந்தன. அவன் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மா இதைவிடக் கெதியாத் தட்டுவா, அப்பப்பா" என்றான். சிரித்தான், அழுதான்.

ஓம் மோனை. அவவைப்போல ஓட எனக்கு ஏலாது. ஆராலும் ஏலாது.

பவளராணி, எங்கள் பிள்ளையை இரண்டு தரம் வெட்டைவெளியில் தூக்கினாய். காணும். இனி ஆறுதலாய் நடந்து போ, பிள்ளை.