சித்தி மென்பொருள் தேடிய வாரம்

என் சித்திக்கு வீட்டில் ‘டைப்பு’ என்று பெயர். அம்மாவின் தங்கை. பள்ளி முடித்த கையோடு தட்டச்சு படித்தாள். பிறகு ஒரு வக்கீல் ஆபீஸில் சேர்ந்து, அவருக்குப் பார்வை மங்கி ஆபீஸைப் பூட்டும்வரை அங்கேயே தட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவள். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லி அனுப்பினாள். அதில் எது உண்மை என்று அம்மாவுக்கே இன்றுவரை தெரியாது.

எதையும் சோதிக்காமல் வாங்க மாட்டாள். குடை வாங்கப் போனால் கடைக்காரர் முகம் சுளிக்கிறவரை விரித்து விரித்து மூடுவாள். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வருவாள். கடைக்காரர் பதறினால், “ஓடிட மாட்டேங்க, என் பழசு உங்க கடையிலதானே கிடக்கு” என்பாள்.

ஆபீஸை மூடியபோது வக்கீல், சித்தி உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டரை அவளிடமே கொடுத்துவிட்டார். அது எங்கள் முன்னறைக்கு வந்தது. ஜன்னலுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் ஒருவர் உடம்பை ஒடுக்கிக்கொண்டு உட்காரும் அளவுக்கு இடம். அது சித்திக்குப் போதும். வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை எடுத்துச் செய்வதென்று முடிவு செய்திருந்தாள்.

அப்பாவுக்கு வேறு யோசனை. அவர் ஆணி, தாழ்ப்பாள், பெயின்ட் விற்கிற கடை வைத்திருக்கிறார். கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஒரு மாசம் குடுங்க அத்தான்” என்றாள் சித்தி. “நிரந்தரமா ஒரு வேலை பிடிச்சுட்டா இங்கயே உட்கார்ந்து பண்றேன். பிடிக்க முடியலன்னா உங்க கல்லாவுல வந்து உட்கார்றேன். வாயே திறக்க மாட்டேன்.”

“நீ வாயைத் திறக்காம இருந்தா எனக்குப் பயமா இருக்குமே” என்றார் அப்பா. ஆனால் சம்மதித்தார்.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போதுதான் வேலை வந்தது. பக்கத்துத் தெரு அச்சகத்தில் பேருந்து நேர அட்டவணைப் புத்தகம் போடுவார்கள். அங்கே தட்டச்சு செய்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அச்சகக்காரர் பழைய புத்தகத்தையும் புது நேரங்களையும் கொடுத்து, “வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஃபைல் வேணும். சரியா வந்துச்சுன்னா இனிமே எல்லா வேலையும் உங்களுக்குத்தான். கோளாறா வந்துச்சுன்னா என்மேல வருத்தப்படக் கூடாது” என்றார்.

சித்தி அன்றே தட்ட ஆரம்பித்தாள். ஊர், புறப்படும் நேரம், சேரும் நேரம், வழி என்று பத்தி பத்தியாக வரும். அவள் தட்டுகிற சத்தம் கூரையில் ஆலங்கட்டி மழை விழுகிற மாதிரி இருக்கும். புதன்கிழமைக்குள் முக்கால்வாசி முடித்துவிட்டாள். அன்று மத்தியானம் திரையின் மேல் பக்கம் சிவப்பாக ஒரு பட்டை வந்தது. இந்த மென்பொருளுக்கு முறையான உரிமம் இல்லையாம். இனி ஃபைலைப் பார்க்கலாம், ஓர் எழுத்தையும் மாற்ற முடியாதாம்.

வக்கீல் ஆபீஸில் அதைப் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர்காரரையே வரவழைத்தாள். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இது ஒண்ணுமில்லக்கா. பழையபடி ஒரு கீ போட்டுத் தரேன். அஞ்சு நிமிஷம்.”

“எவ்வளவு நாள் ஓடும்?”

“அது ஓடுற வரைக்கும் ஓடும்க்கா.”

“அப்ப இது திருட்டுச் சாவியா? இத்தனை வருஷம் வக்கீல் ஆபீஸ்ல திருட்டுச் சாவியில உட்கார்ந்தா மனு தட்டினேன்?”

“ஊர்ல எல்லாரும் இதைத்தானேக்கா போட்டிருக்காங்க.”

“ஊரே கிணத்துல குதிக்குதுன்னு நான் துண்டைத் தூக்கிட்டுக் கிளம்பணுமா? வெள்ளிக்கிழமை காலையில மறுபடி சிவப்பா வந்து நின்னா நீயா வந்து பதில் சொல்லுவ? நேர்வழியில என்ன இருக்கு, அதைச் சொல்லு.”

அவர் மூன்று வழி சொன்னார். அதே மென்பொருளை வருடச் சந்தா கட்டி முறையாக வாங்கலாம். இணையத்திலேயே தட்டுகிற ஒன்று இருக்கிறது, எதையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டாம். மூன்றாவது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இலவசமாகவே ஒன்றைக் கொடுக்கிறார்கள்.

“சும்மா கிடைக்கிறது சும்மாதான் இருக்கும்” என்றார் அப்பா, கடைக்குக் கிளம்பியபடியே.

சித்தி மூன்றின் ஒப்பந்தத்தையும் படிக்க வேண்டும் என்றாள். கம்ப்யூட்டர்காரர் அப்படி ஒருவரை அதற்குமுன் பார்த்ததில்லை. “அதை யாருக்கா படிப்பாங்க? கீழ போய் ‘ஏற்கிறேன்’னு அமுக்கிட்டுப் போக வேண்டியதுதான்.”

“வாழ்க்கை பூரா ஒப்பந்தம் தட்டினவகிட்ட வந்து, படிக்காம அமுக்குன்னு சொல்றியே தம்பி!”

அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தண்ணீர் தீர்ந்தது. அவர் கொட்டாவி விட்டார். சந்தா கட்டுகிறதில், சந்தா நின்றால் திருத்த முடியாது என்று இருந்தது. “அதாவது நான் தட்டினதுக்கு நானே வாடகை குடுக்கணும்.” இணையத்தில் இருப்பது நல்லதுதான், ஆனால் எங்கள் தெருவில் நாலு தூறல் விழுந்தாலே இணையம் படுத்துவிடும். கடைசியாக இலவசமானது. “இது ஒழுங்கா வேலை செய்யும்னு நாங்க உத்தரவாதம் தரலன்னு எழுதியிருக்கான். பரவாயில்ல, மனசுல இருக்கறதை வெளிய சொல்ற ஆளு.”

அதையே ஏற்றச் சொன்னாள். அட்டவணையை அதில் திறந்ததும் எங்கள் எல்லோருக்கும் முகம் தொங்கிவிட்டது. நேராக நின்ற பத்திகள் அலைபோல் வளைந்திருந்தன. ஒரு பேருந்து புறப்படும் நேரம், அது சேரும் நேரத்தின் மேலேயே ஏறிக்கொண்டிருந்தது. இணையத்தில் இருந்ததிலும் திறந்து பார்த்தாள். அங்கேயும் கோணல், ஆனால் வேறு விதமான கோணல். பூட்டிக்கொண்ட பழையதில் மட்டும் எல்லாம் சிப்பாய் வரிசை மாதிரி நேராக நின்றது.

“பாத்தியாக்கா? காசு குடுத்து வாங்கறதுதான் சரி” என்றார் கம்ப்யூட்டர்காரர்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அம்மா தன் கைச்செலவுப் பணத்தில் சந்தா கட்டித் தருவதாகச் சொன்னாள். சித்தி கேட்கவில்லை. “அச்சகத்துல அந்தச் சந்தா சமாச்சாரம்தான் வச்சிருக்காங்க. அங்க திறந்து பாத்துட்டு வந்து முடிவு பண்றேன்” என்று, மறுநாள் காலை ஃபைலை ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன்.

அச்சகத்தில் மை வாசனையும் மெஷின் சத்தமும். அச்சகக்காரர் ஃபைலைத் திறந்தார். அங்கேயும் கோணல்! வீட்டில் பார்த்த இரண்டையும்விட மோசமான கோணல்.

“ஏம்மா, காலை எட்டு மணி வண்டி ராத்திரி எட்டு மணி வண்டி மேல மோதிக்கிட்டு நிக்குது. இந்தப் புத்தகத்தை நம்பி ஒருத்தன் வீட்டை விட்டுக் கிளம்பினா என்ன ஆவான்?”

அவர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். உடனே திரை முழுவதும் புள்ளிகள் முளைத்தன. பத்திக்குப் பத்தி நடுவே சர்க்கரைக்கு வருகிற எறும்பு மாதிரி சாரி சாரியாகப் புள்ளிகள்.

“இது என்ன?” என்றாள்.

“நீங்க ஸ்பேஸ் பாரைத் தட்டின ஒவ்வொரு தட்டும் ஒரு புள்ளி. இடைவெளி விட்டு விட்டே அட்டவணை போட்டிருக்கீங்களா? இந்தக் காலத்துல யாரும்மா இப்படிப் பண்ணுவா? உங்க வீட்ல இருக்கற எழுத்துரு இங்க இல்ல. எழுத்தோட அகலம் மாறினா எல்லாம் சரியத்தான் செய்யும்.”

சித்தியின் காது மடல் சிவந்துவிட்டது.

“நாளைக்குச் சாயங்காலம்னுதானே சொன்னீங்க சார்?”

“ஆமா. ஆனா இதை முழுசா மாத்தணுமே. வேற ஒருத்தரும் கேட்டுட்டு இருக்காரு. சிரமம்னா இப்பவே சொல்லிடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்.”

“நாளைக்குச் சாயங்காலம் வரேன்” என்று பென்டிரைவைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் சொன்னாள். தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் அவளுக்குக் கிடைத்த மெஷினில், பத்தி பிரிக்கிற டேப் கட்டை உடைந்திருந்ததாம். ஸ்பேஸ் பாரை எண்ணி எண்ணித் தட்டித்தான் அட்டவணை போடப் பழகினாளாம். அந்த மெஷினில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், அதனால் கோணாது. வக்கீல் ஆபீஸிலும் அதே பழக்கம்தான். அங்கே தட்டியதை அங்கேயே காகிதத்தில் அச்செடுத்துவிடுவார்கள், ஃபைல் வெளியே போனதே இல்லை. “உன் அட்டவணையில நூல் பிடிச்ச மாதிரி இருக்கும்மான்னு வக்கீல் பாராட்டுவாரு. ஆட மாட்டாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். மூணு கூடத்தைக் குறை சொல்லிட்டேன்டி நான்.”

“இப்ப என்ன சித்தி பண்றது? ஒரு நாள்தான் இருக்கு.”

“என்ன பண்றது? ஆடக் கத்துக்க வேண்டியதுதான்.”

மத்தியானம் முழுக்க இலவச மென்பொருளில் கட்டம் போடப் பழகினாள். முதல் கட்டம் பக்கத்தைத் தாண்டி ஓடியது. இரண்டாவதில் ஒரு ஊர்ப்பெயர் ஒடுங்கி, எழுத்துக்கு ஒரு வரியாக நின்றது. “எட்டு எழுத்து ஊரு எட்டு மாடி கட்டிருச்சு பாரு” என்று சொல்லி அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அவள் கட்டைவிரல் பழக்க தோஷத்தில் ஸ்பேஸ் பாருக்கே போனது. போகும்போதெல்லாம், “நீ சும்மா இரு” என்று அதை அதட்டினாள். ஒரு பக்கம் சரியாக வந்ததும் அதை இணையத்து மென்பொருளில் திறந்தாள். நேராக நின்றது. எழுத்துருவை மாற்றிப் பார்த்தாள். அப்போதும் நேராக நின்றது.

“அப்ப எதை வச்சுக்கப் போறே?” என்றாள் அம்மா.

“எதுல போட்டாலும் நிக்குதுன்னா, என்னை வெளிய தள்ளிப் பூட்டாததை வச்சுக்கறேன்க்கா. மழை வந்தாலும் ஓடும்.”

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டை அம்மா தட்டோடு கொண்டுவந்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள், அது அங்கேயே ஆறிப்போனது. சாயங்காலம் அச்சகத்துக்குப் போனபோது, பென்டிரைவில் ஃபைலோடு எழுத்துருவும் சேர்ந்திருந்தது.

அச்சகக்காரர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். எல்லாம் நேராக இருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கடைசி வரி அடுத்த பக்கத்துக்கு வழிந்திருந்தது. சித்தி கேட்காமலே அவருடைய நாற்காலியின் கைப்பிடியில் கை வைத்தாள். அவர் எழுந்து இடம் கொடுத்தார். ஓரத்தைக் கொஞ்சம் குறைத்தாள், வரி ஏறி உள்ளே வந்தது.

“காலையில ஒரு மாற்றம் வந்துச்சு” என்றார் அவர். “ஒரு வண்டியை நிறுத்திட்டாங்க. நடுவுல புதுசா ஒண்ணு விட்டிருக்காங்க. வீட்டுக்குப் போய் மாத்திட்டு வரணுமா?”

சித்தி ஒரு வரியை எடுத்தாள், ஒரு வரியைச் சேர்த்தாள். மற்ற வண்டிகள் எல்லாம் கட்டம் கலையாமல் நகர்ந்து இடம் விட்டன. அவர் பழைய புத்தகத்தை ஒரு தடவை, திரையை ஒரு தடவை பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார். பள்ளிக்கூட நாட்குறிப்புப் புத்தகம், அடுத்த வேலை. “இதுலயும் பக்கத்துக்குப் பக்கம் கட்டம்தான். புள்ளி ஒண்ணு பாத்தேன்னா திருப்பி அனுப்பிடுவேன்.”

“அனுப்புங்க சார்.”

வரும் வழியில் அப்பாவின் கடைக்குள் நுழைந்தாள். அப்பா ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தார்.

“அத்தான், கல்லாவுக்கு வேற ஆளைப் பாருங்க.”

அப்பா அவள் கையில் இருந்த கட்டைப் பார்த்தார். புரிந்துகொண்டார். “பாத்தாச்சு. உங்க அக்காவைக் கேட்டேன். உனக்குக் குடுக்கறதா இருந்ததைவிட ரெண்டு மடங்கு சம்பளம் கேக்குறா.”

“குடுங்க. அவ கணக்கு தப்பாது” என்று சொல்லிவிட்டு, அவர் உட்காரச் சொன்னதையும் கேட்காமல் சித்தி நடையைக் கட்டினாள். இருட்டுவதற்குள் நாட்குறிப்பின் முதல் கட்டத்தைப் போட்டுப் பார்க்க வேண்டுமாம்.