பிள்ளையார் ஒட்டிய கிரைண்டர்

அக்காவைப் பெண் பார்க்கத் திருவையாற்றிலிருந்து வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, "நாங்க எதுவும் கேக்கலைங்க. ஒங்க பொண்ணுக்கு நீங்க செய்யறத செய்ங்க" என்றார்கள். அப்பா அதை அப்படியே நம்பினார். அவர்கள் பஸ் ஏறியதும் அம்மா சொன்னாள்: "கேட்டிருந்தா ஒண்ணு ரெண்டோட போயிருக்கும். கேக்கலைன்னா எல்லாம் வேணும்னு அர்த்தம்."

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வலங்கைமான் பக்கம் எங்களுக்கு மூன்று மா குத்தகை நிலம், ஒரு ஏக்கர் தேறும். இளவயதில், அறுவடை நேரத்தில் பண்ணை ஆட்கள் நெல்லை அள்ள வந்தபோது, அரிவாளோடு வரப்பில் நின்று மறித்தவர். அதற்காகப் போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு நாள் இருந்தார். கறுப்புச் சட்டைக்காரர். ஐயர் இல்லாமல் கல்யாணம் எங்கு நடந்தாலும் மைக்கைப் பிடித்து, சீர் வாங்குகிறவனை மாட்டுத் தரகனோடு சேர்த்துத் திட்டுவார். அவரைப் பேசக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் சீர் வாங்கியவர்கள்தான். நன்றாகக் கைதட்டிவிட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றுவார்கள்.

"எம் பொண்ணுக்குச் சீர் கெடயாது" என்றார் அப்பா.

"நீங்க பேசிட்டு வந்துருவீங்க. அங்க போயி வாழப்போறது அவ" என்றாள் அம்மா.

அக்காவுக்கு இருபத்தொன்பது முடிந்திருந்தது. போன இடத்தில் முதல் நாளே அவள் தலைகுனிந்து நிற்கக் கூடாது என்பதுதான் அம்மாவுக்கும் எனக்கும் இருந்த ஒரே கவலை. அப்பா மூன்று நாள் குழம்பில் உப்பில்லை என்று சண்டை போட்டார். நான்காம் நாள், "எங் கண்ணுல படாம என்னமோ செய்ங்க" என்றார்.

பீரோ, கட்டில், பித்தளைக் குடம் எல்லாம் சேர்ந்தன. கிரைண்டரில்தான் இடித்தது. ரேஷன் கார்டுக்கு அரசு கொடுத்த இலவச கிரைண்டர் ஒன்று பெட்டி பிரிக்காமல் பரணில் இருந்தது. "புதுசுதானடி" என்றாள் அம்மா. புதுசுதான். முன்பக்கம் அரசு முத்திரை இருந்தது, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தோம். மண்ணெண்ணெய் போட்டோம். கடைசியில் நான் உப்புத்தாளை எடுத்தேன். முத்திரை போயிற்று, பெயின்டும் கூடவே போயிற்று. வெளுத்த இடத்தை மறைக்க உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர் வேண்டும். பெட்டிக்கடையில் அந்த அளவில் பிள்ளையார்தான் இருந்தார்.

கல்யாணத்தன்று மண்டபத்தின் ஓரமாகச் சாமான்களைப் பரப்பி வைத்தோம். மாப்பிள்ளையின் அம்மா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் கிரைண்டரிடம் வந்த நேரம் பார்த்து அப்பாவும் அங்கே வந்து சேர்ந்தார்.

"இதுல பிள்ளையார் எப்படி வந்தாரு?" என்றார் அப்பா. நாற்பது வருஷமாகப் பிள்ளையாரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்.

அந்த அம்மா ஸ்டிக்கரின் ஓரத்தை விரலால் தடவினார். மேடையிலிருந்து அக்கா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா குரலைத் தாழ்த்தினார். "சம்பந்தி, எம் பொண்ணுக்கு எங்க வீட்டு கிரைண்டர அனுப்புனப்ப நான் முருகன ஒட்டுனேன். மயிலு கொஞ்சம் பெருசு, நல்லா மறைச்சிருச்சு."

அம்மா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அப்பாவுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பறம் என்னங்க, ரெண்டு பக்கமும் தெரிஞ்சுபோச்சு. இதெல்லாம் இங்கயே கெடக்கட்டும். பொண்ண மட்டும் அழைச்சிட்டுப் போங்க" என்றார்.

"எனக்கு வேணாம் சம்பந்தி. எங்க தெருவுக்கு வேணும். வெறுங்கையோட வந்தா ஒங்க பொண்ண ஒரு வார்த்தை சொல்லுவாங்க. நான் எத்தனை பேரு வாய அடைக்க முடியும்? ஏத்தும்போது பிள்ளையாரு வெளிய தெரியற மாதிரி வைங்க."

அதை அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதட்டிக் கேட்டிருந்தால் அப்பா வரப்பில் நின்ற மாதிரி நின்றிருப்பார். அங்கே அவர் எதிர்த்து நிற்க எதிராளியே இல்லை.

சாப்பாடு முடிந்ததும் மினி லாரி வந்தது. கட்டிலையும் பீரோவையும் ஆட்கள் ஏற்றினார்கள். கிரைண்டரை மட்டும் அப்பா யாரையும் தொடவிடாமல் தானே தூக்கி வைத்தார். இறங்கி, தள்ளி நின்று பார்த்தார். மறுபடி ஏறி, பிள்ளையாரைத் தெருப்பக்கமாகத் திருப்பி வைத்தார்.