வெள்ளிக்கிழமைச் சீடி

சேர்வர் என்றதும் ஏதோ பெரிய இயந்திரம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் அது ஒரு கறுப்புப் பெட்டி. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு வாடகை வீட்டில், உப்புக் காற்றில் ஆணியெல்லாம் துருப்பிடித்த சாமான் அறையில் அதை வைத்திருந்தோம். இடம்பெயர்ந்தவர்களுக்கும் ஆட்களைத் தொலைத்தவர்களுக்கும் வேலை செய்கிற சின்ன நிறுவனம் அது. அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கெட்டிக்காரி என்ற எண்ணமும் நிறைய இருந்தது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சேர்வரில் இருப்பதைச் சீடியில் பிரதி எடுத்து, நான் என் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அலுவலகத்துக்கு என்ன நடந்தாலும் பிரதி வேறிடத்தில் பத்திரமாக இருக்கும். கணினிப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அந்தப் புத்தகத்தை எழுதியவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் ஆமி மறித்துச் சோதிக்கிற மூன்று சென்றிகளைத் தாண்டவில்லை.

முதல் மாதமே எங்கள் சாரதி ஒரு பெயர்ப் பட்டியலோடு சென்றியில் பிடிபட்டார். பால்மா கொடுக்க வேண்டிய குழந்தைகளின் பட்டியல் அது. இத்தனை தமிழ்ப் பெயர்கள் எதற்கு என்று ஒரு பகல் முழுக்க வெயிலில் இருத்தி விசாரித்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். அடுத்த நாள் மனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“இனிமேல் சீடியில ஆக்களின்ர பெயர், படம் ஒண்டும் இருக்கக்கூடாது. செற்றிங்சை மட்டும் எடும். பிடிபட்டா உள்ள போறது நீர்தான், நான் இல்லை.”

“அப்ப ஆக்களின்ர விபரம், சேர்?”

“அதுக்கு இஞ்சையே இன்னொரு டிஸ்கைக் கொழுவி எடுத்து வையும்.”

செற்றிங்ஸ் என்றால் சேர்வரின் ஒழுங்குகள். யாருக்கு என்ன பாஸ்வேர்ட், எந்த ஃபோல்டரை யார் திறக்கலாம், எந்த அறையில் எந்தப் பிரின்டர், இவ்வளவுதான். அதில் ஒரு மனிதப் பிறவியின் கதையும் கிடையாது. மனேஜரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அவர் அப்படிச் சொன்னது எனக்கும் நிம்மதிதான். சென்றியில் என் கைப்பையைக் கிளறி, சீடியைத் தூக்கிப் பிடித்து, அலுவலகம் சிங்களத்தில் எழுதித் தந்த கடிதத்தை வாசித்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன்.

இலங்கைத்துறையிலிருந்து ஓர் அக்கா வந்தது அப்படியொரு வெள்ளிக்கிழமையில்தான். அவருடைய கணவரைப் பஸ்சிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அதைக் கேட்காமல் விடுவதுதான் மரியாதை. கணவரின் படம் ஒன்றே ஒன்று இருந்தது. ஸ்கான் பண்ணிவிட்டு, படத்தில் கன்னத்துக்குக் குறுக்கே விழுந்திருந்த ஒரு கீறலைக் கணினியில் அழித்துச் சரிசெய்தேன். அவர் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“படத்தை உங்களிட்டயே விட்டிட்டுப் போகட்டோ, தங்கச்சி?”

“வேண்டாம் அக்கா, கொண்டுபோங்கோ. இதுக்குள்ள போட்டால் பத்திரம்தானே. வெள்ளிக்கிழமையில பிரதி எடுத்து வீட்டையும் கொண்டு போறனான்.”

சீடியில் இடம் தாராளமாக இருந்தது. பெயரில்லாத ஒரு முகம், போட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு சென்றியை யோசித்தேன். போடவில்லை.

சில மாதங்களில் அக்காவின் ஊர்ப் பக்கம் சண்டை தொடங்கியது. ஈச்சிலம்பற்றுச் சனம் வெருகல் ஆற்றைக் கடந்து ஓடியது. துறைமுகப் பக்கமும் ஷெல் விழுந்தது. ஒரு மத்தியானம் கரண்ட் போய், வந்து, மறுபடி போய், பிறகு ஒரேயடியாகக் கூடி வந்தது. சாமான் அறையில் கருகல் மணம். சேர்வரின் ஹாட் டிஸ்க்கும் போயிற்று, அதில் கொழுவியிருந்த மற்ற டிஸ்க்கும் போயிற்று. இரண்டையும் ஒரே மேசையில், ஒரே கரண்டில் வைத்திருந்த கெட்டிக்காரி நான்தான்.

கொழும்பிலிருந்து புது டிஸ்க் வர ஒன்பது நாள் எடுத்தது. வந்த அன்றே என் சீடியைப் போட்டேன். ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் பழையபடி. பாஸ்வேர்ட்டுகள் வேலை செய்தன, பிரின்டர்கள் முனகின. ஃபோல்டர்கள் இலக்கம் தவறாமல் வரிசையாக வந்து நின்றன. ஆட்களின் விபரமும் படங்களும் வைத்திருந்த இரகசிய ஃபோல்டரை மனேஜரும் நானும் மட்டும் திறக்கலாம் என்ற கட்டுப்பாடுகூட அப்படியே இருந்தது. திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் வீட்டுக்கு இவ்வளவு நல்ல பூட்டை வேறு யாரும் போட்டிருக்க மாட்டார்கள். சேர்வர் ஒரு மணித்தியாலத்தில் எழும்பிவிட்டது என்று மனேஜர் அன்றே கொழும்புத் தலைமையகத்துக்கு அறிவித்துவிட்டார். மற்றக் கிளைகளும் எங்களைப் பார்த்துச் செய்ய வேண்டும் என்று அங்கிருந்து ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அதை வாங்கும்போது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னில் எனக்கே அருவருப்பு.

அக்கா மறுபடி வந்தபோது மிகவும் மெலிந்திருந்தார். ஆற்றைக் கடக்கையில் பை தண்ணீரில் விழுந்து, படம் ஊறிக் கரைந்துவிட்டதாம். தடுத்து வைக்கப்பட்டிருப்பவர்களுக்குள் கணவர் இருக்கிறாரா என்று தேடிப் பார்ப்பதற்கு ஒரு விசாரணை நடக்கப்போகிறது, அதற்குப் படம் கேட்டிருக்கிறார்கள். “உங்களிட்ட இருக்குத்தானே, ஒரு பிரதி எடுத்துத் தாங்கோ,” என்றார். அவரிடம் பதற்றமே இல்லை. என்னை அவ்வளவு நம்பியிருந்தார்.

“மெஷின் பழுது அக்கா. அடுத்த கிழமை வாங்கோ.”

அடுத்த கிழமையும் அதையே சொன்னேன். இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற ஒரு மனுசிக்கு அப்படிச் சொல்ல எனக்கு எப்படி மனம் வந்தது? வந்தது, அவ்வளவுதான். மூன்றாம் முறை வந்தபோது, விசாரணை நாளைக்கு என்றார். அதற்குமேல் மறைக்க ஏலாமல் உண்மையைச் சொன்னேன்.

அக்கா கேட்டது ஒன்றுதான். “அப்ப வெள்ளிக்கிழமையில வீட்டை கொண்டு போறனீங்கள் எண்டு சொன்னியள். அதில என்ன கிடந்தது?”

“ஆர் எதைத் திறக்கலாம், திறக்கக்கூடாது எண்ட விபரம், அக்கா.”

“அதுவோ,” என்றார். பிறகு பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். படம் இல்லாவிட்டால் முகத்தின் அடையாளம் எழுதலாமாம், அதற்கு நாலு கோடு விட்டிருந்தார்கள்.

“எனக்கு இப்ப அவற்ற முகம் சரியா வருகுதில்லை, தங்கச்சி. ஓடித் திரிஞ்சதில எல்லாம் குழம்பிப் போச்சுது. நீங்கள் கன நேரம் பெரிசாக்கிப் பாத்தனீங்கள்தானே. நீங்கள் எழுதுங்கோ.”

பேனையை எடுத்தேன். படத்தில் நான் அழித்த அந்தக் கீறல் மட்டும்தான் நினைவில் இருந்தது. எந்தப் பிரின்டருக்கு எந்த இலக்கம் என்று கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். அந்த மனிதரின் மூக்கோ கண்ணோ எனக்கு வரவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“சிரிச்ச முகம், அக்கா,” என்றேன்.

அவர் படிவத்தை என் கைக்குக் கீழிருந்து மெல்ல இழுத்து எடுத்தார்.

“அவர் அந்தப் படத்தில சிரிக்கேல்லை.”