பிள்ளைகளுக்குப் புரியாத சிங்களம்

பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாத விஷயங்களை நானும் கணவரும் சிங்களத்தில்தான் பேசுவோம். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்காகக் கண்டிக்கு வந்தபிறகு, அலுவலகப் பரீட்சைக்காக முக்கி முனகிப் படித்த சிங்களம் அது. உறவில் ஒரு மரணம், நாளைக்குப் போடவேண்டிய ஊசி, ஒளித்துவைத்த சொக்லேட் எல்லாம் எங்கள் வீட்டில் அந்த மொழியில்தான் நடமாடும். சிங்களவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். பிள்ளைகளை ஏமாற்ற அது போதும் என்று நினைத்திருந்தோம்.

அந்த மழை நாளில் மத்தியானமே கரண்ட் போய்விட்டது. பள்ளிக்கூடம் இல்லை. கணவர் மட்டும் பஸ்ஸில் தெல்தெனியவுக்கு வேலைக்குப் போயிருந்தார். பின்னேரம் சார்ஜ் இறங்கி என் போனும் செத்துவிட்டது. பொழுது படுவதற்கு முன்பே வீடு இருண்டது. நாலு வயது மகனுக்கு இருட்டு ஆகாது. அலுமாரிக்குள் பேய் இருக்கிறது என்று அழத் தொடங்கினான். எனக்குப் பொறுமை குறைவு.

"பேய்க்கும் கரண்ட் இல்லை, பேசாமல் இரு!" என்று கத்தினேன்.

அவன் இன்னும் சத்தமாக அழுதான். வேறு வழியில்லாமல் சுவரில் டோர்ச் அடித்து, விரல்களை மடக்கி மான் காட்டினேன். என் மான் எருமை மாதிரி இருக்கிறது என்று எட்டு வயது மகள் கேலி செய்தாள். மகன் சிரித்துவிட்டான்.

அப்போதுதான் கீழ்வீட்டு ராத்தா மேலே வந்தார். வீட்டுச் சொந்தக்காரி. முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள், நாங்களும் அப்படியே. அவருடைய கணவருக்குத் தெல்தெனியப் பாதையிலுள்ள திகனவில் கடை.

"புள்ளைகள் என்ன செய்றாங்க?" என்று தமிழில் கேட்டவர், அவர்களைக் கண்டதும் சிங்களத்துக்கு மாறினார். எங்கள் வழக்கம் அவருக்கும் தெரியும். தெல்தெனியப் பாதையில் மண்மேடு சரிந்துவிட்டதாம், வாகனங்கள் அகப்பட்டிருக்கின்றனவாம், கடையை மூடிவிட்டு வந்த கணவர் சொன்னாராம். பஸ்ஸும் அகப்பட்டதா என்று நானும் சிங்களத்தில் கேட்டேன். தெரியாது என்றார். தமிழ் பேசும் இரண்டு பெண்கள், பிள்ளைகளுக்காகப் பல்லைக் காட்டிச் சிரித்தபடி, ஓட்டைச் சிங்களத்தில் இதைப் பேசி முடித்தோம்.

மகள் என் கையிலிருந்த டோர்ச்சை வாங்கினாள். "நான் காட்டுறன். நீங்கள் இருங்கோ அம்மா."

தம்பிக்கு முயல் காட்டினாள், பிஸ்கட் கொடுத்தாள், இடி இடித்தபோது அவன் காதைப் பொத்தினாள். அப்பா எப்போது வருவார் என்று அவன் கேட்டபோதெல்லாம், "மழை விட்டதும் வருவார்" என்று அவளே சொன்னாள். என்னிடம் ஒருமுறைகூட அவள் அதைக் கேட்கவில்லை. நல்லவேளை, பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கணவர்தான். முழங்கால்வரை சேறு. சரிந்த இடத்துக்கு முன்னாலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம். மேட்டுப் பாதையால் சுற்றி நடந்து, இந்தப் பக்கம் வந்து முச்சக்கர வண்டி பிடித்திருக்கிறார். என் போன் செத்துக் கிடந்ததை மறந்து, "போன் எண்டு ஒண்டு எதுக்கு வச்சிருக்கிறியள்?" என்று ஏசிக்கொண்டே அழுதேன். மகன் அவர்மேல் பாய்ந்தான். மகள் மட்டும் டோர்ச்சைப் பிடித்தபடி, நின்ற இடத்திலேயே உடம்பு குலுங்க அழுதாள்.

சேற்றைப் பார்த்துப் பிள்ளை பயந்துவிட்டாள் என்று, சத்தம் கேட்டு மறுபடி மேலே வந்த ராத்தா பழக்கதோஷத்தில் என்னிடம் சிங்களத்தில் சொன்னார்.

மகள்தான் அதற்குப் பதில் சொன்னாள். பள்ளிக்கூட வான் வண்டியில் சிநேகிதிகளோடு பேசிப் பழகிய, தட்டுத்தடங்கல் இல்லாத சிங்களம். சேற்றுக்குப் பயமில்லை, நீங்கள் வந்து சொன்னதிலிருந்துதான் பயம் என்றாள். ராத்தா வாயில் கை வைத்தார்.

நான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். "ஏன் பிள்ளை என்னட்டைக் கேக்கேல்லை?"

"நீங்கள் கஷ்டப்பட்டுச் சிரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். கேட்டால் அழுதிடுவீங்கள் எண்டு தெரியும்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பிக்கு நான் சொல்லேல்லை அம்மா" என்றாள்.